ஒரே கேபிளில் மூன்று வலையமைப்புகள்: பீடோங் ஆலய மண்டபத்தில் விலான் அமைத்த அனுபவம்

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகள் மாலையில் டியூசனுக்கு வரும் எங்கள் ஆலய மண்டபத்தில், அலுவலகக் கணினிகளும் கண்காணிப்புக் கேமராக்களும் வகுப்பறை மடிக்கணினிகளும் ஒரே வலையமைப்பில் இருந்தன. உபயக் கணக்கு உள்ள கணினியை மாணவர்களின் கருவிகள் அணுக முடியாதபடி பிரித்துத் தருமாறு செயலவை கேட்டுக்கொண்டது. அலுவலகத்திலிருந்து மண்டபத்துக்குச் செல்வதோ ஒரே ஒரு கேபிள். தரையை உடைத்து இன்னும் இரண்டு இழுக்கத் தலைவர் சம்மதிக்கவில்லை. ஆகவே இரு முனைகளிலும் விலான் (VLAN), அதாவது ஒரே கேபிளிலும் பெட்டியிலும் பல தனித்தனி வலையமைப்புகளை நடத்தும் வசதி, உள்ள சுவிட்சுகளை (கருவிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டிகளை) பொருத்தி, அலுவலகத்துக்கு 10, கேமராக்களுக்கு 20, வகுப்புக்கு 30 என்று எண் கொடுத்தேன்.

இன்னின்ன போர்ட்டுகள் இன்ன விலானுக்கு என்று பங்கு பிரிப்பதுதான் விலான் எனப் பலர் நினைக்கிறார்கள். ஒரே சுவிட்ச் உள்ள இடத்தில் அந்த நினைப்பால் பெரிய பாதகமில்லை. இரண்டாவது சுவிட்ச் வந்ததும் அது உதவாது. போர்ட் என்பது பெட்டியிலுள்ள துளை. விலான் என்பதோ அதன் வழியே நுழையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (தரவுப் பொட்டலத்துக்கும்) சுவிட்ச் குறித்துக்கொள்ளும் எண். இரு சுவிட்சுகளை இணைக்கும் கேபிளில் அந்த எண் 4 பைட் டேக்கில் (அடையாளச் சீட்டில்) ஏறி ஃபிரேமுடனேயே பயணிக்கும். 1998இல் வெளியான ஐஇஇஇ 802.1கியூ தரம் இந்த எண்ணுக்கு 12 பிட் ஒதுக்குகிறது. 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம். எனவே எங்கள் ஒற்றைக் கேபிள் செருகப்பட்ட 8ஆம் போர்ட் மூன்று விலான்களிலும் டேக் செய்யப்பட்ட உறுப்பினராயிற்று.

நேரத்தை விழுங்கியது மண்டபத்திலுள்ள 7ஆம் போர்ட். அதை விலான் 30இல் டேக் இல்லாத உறுப்பினராகச் சேர்த்த பின்னரும், அதில் மாட்டிய மடிக்கணினிக்கு 192.168.30 வரிசைக்குப் பதிலாகப் பழைய 192.168.1 வரிசையிலேயே ஐபி முகவரி கிடைத்தது. மலிவான சுவிட்சுகள் பலவற்றில் உறுப்பினர் பட்டியல் ஒரு பக்கத்திலும் பிவிஐடி (PVID) எனும் போர்ட்டின் இயல்பு விலான் எண் வேறொரு பக்கத்திலும் இருக்கும். எந்த விலானின் ஃபிரேம்கள் போர்ட்டிலிருந்து வெளியேறலாம், டேக்குடனா இல்லாமலா என்பதை முன்னது முடிவு செய்கிறது; டேக் இல்லாமல் உள்ளே வருவது எந்த விலானைச் சேரும் என்பதைப் பின்னது முடிவு செய்கிறது. எங்கள் போர்ட்டின் பிவிஐடி, சுவிட்சில் முதலிலிருந்தே உள்ள 1ஆகவே இருந்ததால் முகவரி கேட்ட ஃபிரேம் விலான் 1இல் நுழைந்தது. அந்தப் போர்ட் விலான் 1இலும் உறுப்பினராக நீடித்ததால் பதிலும் தடையின்றித் திரும்பியது. பிவிஐடியை 30 ஆக்கி, விலான் 1இலிருந்து போர்ட்டை நீக்கியதும் முகவரி சரியாக வந்தது. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருந்தால் எத்தனையோ பேருக்குத் தலைவலி மிச்சமாகியிருக்கும்.

வகுப்பறை மேசைக்கடியில் இருந்த சாதாரண ஐந்து போர்ட் சுவிட்சை மாற்றவில்லை. அது 7ஆம் போர்ட்டில் தொங்குவதால், அதில் எதை மாட்டினாலும் விலான் 30இலேயே சேரும்.

கேமராக் காட்சியை அலுவலகத்தில் பார்க்க வேண்டும் என்று பொருளாளர் கேட்டது சுவிட்சால் மட்டும் ஆகிற காரியமன்று. விலான்களுக்கிடையே போக்குவரத்துக்கு ரவுட்டர் வேண்டும். 10இலிருந்து 20க்குத் தொடங்கும் இணைப்புகளை மட்டும் ரவுட்டரில் அனுமதித்து, 30இலிருந்து இவ்விரண்டுக்கும் செல்லும் வழியை அடைத்துவிட்டேன்.