இரவு ரத்தம் ஏன்? ஒரு வைவாவும் மேன்சனும்

இரண்டாம் ஆண்டு மைக்ரோபயாலஜி வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. யானைக்கால் நோயைக் கண்டறிய எப்போது ரத்தம் எடுப்பாய் என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார். "இரவு 10 மணியிலிருந்து 2 மணிக்குள்" என்றேன் டக்கென்று. "ஏன்?" என்றார். வாய் அடைத்துப்போனது. மைக்ரோஃபைலேரியாவுக்கு (ரத்தத்தில் திரியும் யானைக்கால் புழுவின் குஞ்சு) உறை உண்டு, வால் நுனியில் நியூக்ளியஸ் கிடையாது என்றெல்லாம் ஒப்பிக்கத் தெரிந்தவனுக்கு அந்த 'ஏன்' தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1844இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, அபர்தீனில் படித்து, சீனச் சுங்கத் துறை மருத்துவராக முதலில் ஃபார்மோசாவுக்கும் (இன்றைய தைவான்) பிறகு சீனத் துறைமுகமான அமோய்க்கும் (இன்றைய ஷியாமென்) போனவர். அங்கே யானைக்கால் வீக்கங்களை அறுத்து அகற்றுவதே அவருக்குப் பெரிய வேலை. 1877இல், ரத்தத்தில் புழு இருந்த தன் தோட்டக்காரர் ஹின் லோவைக் கொசு கடிக்கும்படி தூங்கவைத்து, ரத்தம் குடித்த கொசுக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். புழு உறையைக் கழற்றிவிட்டு மார்புத் தசைக்குள் போய் வளர்ந்துகொண்டிருந்தது.

அடுத்து, உதவியாளர்களை வைத்து ராப்பகலாக ரத்தம் பார்த்தார். பகலில் புழுவே தென்படவில்லை, இரவில் கொத்துக்கொத்தாக இருந்தது. பகலெல்லாம் அது நுரையீரல் ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கும். இந்தப் புழுவைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்க வரும் நேரத்துக்குத் தோலோர ரத்தக் குழாய்களுக்கு வரும். எனக்கு வராமல் போன பதில் இதுதான்.

நான் செய்தது இவ்வளவுதான்: புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை வரைந்து, ஒவ்வொரு அம்புக்குறிக்கும் கீழே 'இது எப்படித் தெரிந்தது?' என்று எழுதினேன். அதில் அதிகம் உதவியது மேன்சனின் தவறு. கொசு தண்ணீரில் செத்து விழும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வரும் என்றே அவர் நினைத்தார். கொசுவின் உறிஞ்சுகுழலில் புழுவை 1900இல்தான் ஜார்ஜ் லோ பார்த்தார், அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். மேன்சன் தொடங்கிய ஹாங்காங் மருத்துவக் கல்லூரி, லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி, மலேரியாவை ஆராய்ந்த ரொனால்ட் ராஸுக்கு அவர் எழுதிய கடிதங்கள் எல்லாம் படிக்கச் சுவையானவை; மார்க் வராது, விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வைவாவில், "கொசு புழுவை ஊசி போல ஏற்றுகிறதா?" என்றார் தேர்வாளர். "இல்லை சார், தோலில் விழும், கடித்த துளை வழியாகத் தானே உள்ளே நுழையும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஸ்லைடை நகர்த்தினார்.