கிராக்கோவில் ரெமா சமாதி

போலந்தின் கிராக்கோவ் நகரில், கசிமியெஷ் என்ற பழைய யூதர் பகுதியில் இருக்கிறது ரெமு தொழுகைக்கூடம். வாசலிலேயே ஆண்கள் தலையை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள். செருப்பைக் கழற்றியே பழகிய எனக்கு, செருப்புக் காலோடும் தொப்பியோடும் வழிபாட்டு இடத்தில் நிற்பது விநோதமாகத்தான் இருந்தது.

கூடத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், இரும்பு வேலிக்குள், யூத மதகுருவான ரப்பி மோஷே இஸர்லெஸின் சமாதி. மக்கள் அவரைச் சுருக்கமாக ரெமா என்கிறார்கள். 1572-ல் மறைந்தவர். நாஜிகள் இந்தத் தோட்டத்தைச் சிதைத்தபோதும் அவருடைய கல் தப்பியது. உடைந்த மற்ற கற்களைப் பிற்காலத்தில் மதிலாகப் பதித்துவிட்டார்கள். சமாதியில் வேண்டுதல் எழுதி மடித்த காகிதங்கள். காற்றில் பறக்காதிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். மழையில் ஒன்றின் மை ஊறி நீலத் திட்டாகியிருந்தது.

இன்றைய இஸ்ரேலில் உள்ள ஸஃபேத் நகரின் யோசேப் காரோ யூதச் சட்டங்களைத் தொகுத்த 'ஷுல்ஹான் ஆருக்' 1565-ல் வெனிஸில் அச்சானது. பெரும்பாலும் ஸ்பானிய யூதர்களின் மரபை ஒட்டிய நூல் அது. ரெமா போட்டிக்கு ஒரு நூல் எழுதவில்லை. போலந்து, ஜெர்மனி யூதர்களின் வழக்கங்களை அதே நூலுக்குக் குறிப்புகளாக எழுதினார். இன்றும் காரோவின் வரிகளுக்கு இடையிலேயே அவை அச்சாகின்றன. மறுப்பதைக்கூட இவ்வளவு மரியாதையாகச் செய்ய முடியுமா என்று வியந்தேன்.

ஆனால் என்னை அங்கே இழுத்தது வேறொரு சம்பவம். ஓர் அநாதைப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை திருமணம். பேசிய சீதனத்தில் குறை விழவே, மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டார். இந்த மாப்பிள்ளையை நமக்கும் தெரியும்! பஞ்சாயத்து முடிவதற்குள் பொழுது சாய்ந்து ஸப்பாத் பிறந்துவிட்டது. அந்த ஓய்வுநாளில் திருமணம் செய்யக்கூடாது என்பது விதி. இருட்டி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தும் ரெமா திருமணத்தை நடத்திவைத்தார். ஊரார் முணுமுணுத்தார்கள். பெண்ணுக்கு நேரும் அவமானத்தையும், வேறு வழியில்லாத நெருக்கடியையும் காட்டி, சட்ட ஆதாரங்களோடு விளக்கம் எழுதினார். அந்த விளக்கம் அவருடைய தீர்ப்புகளின் தொகுப்பில் இருக்கிறது.

அக்கா மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதைத் தமிழிலேயே எழுதி வைத்தேன். இவரிடம் சொல்ல வேண்டிய வேண்டுதல்தானே! போக நினைப்பவர்கள் ஸப்பாத் நாளான சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். லாக் பவோமெர் என்ற யூதத் திருநாள் அவருடைய நினைவு நாளும்கூட. அன்று பல நாடுகளிலிருந்தும் பக்தர்கள் வருவார்கள்.