பழப்புளி கண்ட பேரரசுப் படை

அத்தான் பழம்பொருட் சந்தையில் பேரம் பேசி வாங்கி வந்த நெப்போலியன் காலத்து ஈயச் சிப்பாய்களை, அம்மா பழப்புளியும் தும்பும் போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கோடு சேர்த்துப் பல்கனியில் காய வைத்துவிட்டார். செய்தியை அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்தேன் என்பதற்காக அத்தான் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவருடைய துயரத்திலும் நியாயம் இருக்கிறது. நீலக் கோட்டுக்காரன் பிரெஞ்சுக்காரன், சிவப்புக் கோட்டுக்காரன் இங்கிலாந்துக்காரன் என்று சித்தப்பா ஒருநாள் வாய்தவறிச் சொல்லப்போய், சோறு ஆறிப் போகும்வரை பாடம் கேட்க நேர்ந்ததை நம் வீட்டில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இங்கிலாந்தின் பீரங்கிப் படை நீலம் உடுத்தியது. நெப்போலியனிடம் சேவகம் செய்த சுவிஸ் படைப்பிரிவுகள் நான்கும் சிவப்பு உடுத்தின. அந்த நான்கையும் பிரித்தறிய கழுத்துப்பட்டையிலும் கைமடிப்பிலும் உள்ள நிறத்தைப் பார்க்க வேண்டும்: முதலாவதற்கு மஞ்சள், இரண்டாவதற்கு நீலம், மூன்றாவதற்குக் கறுப்பு, நான்காவதற்கு வானநீலம். அம்மாவின் தும்பு இந்த வேறுபாடுகள் அனைத்தையும் ஒரே பிற்பகலில் ஒழித்துவிட்டது. ஈயமும் புளிப்பும் சேர்ந்தால் நஞ்சு என்று அக்கா புளிக் கிண்ணத்தைக் குப்பையில் எறிந்தது தனிச் சண்டை.

நிறம் போனபின் மிஞ்சியது உருவம்தான். ஆகவே அத்தான் சாப்பாட்டு மேசையைக் கைப்பற்றி, பூதக்கண்ணாடியோடு அமர்ந்துவிட்டார். கரடித்தோல் தொப்பியின் முன்புறம் பித்தளைத் தகடு தெரிந்தால் அவன் நெப்போலியனின் சொந்தக் காவற்படையின் கிரனேடியர், அதாவது பொறுக்கியெடுத்த காலாள். தகடு இல்லாமல் கைமடிப்பு கூராக முடிந்தால் அதே காவற்படையின் ஷசேர், அதாவது இலகு காலாள். மார்பு மடிப்பு இடுப்புவரை மூடி, கோட்டின் வால் குட்டையாக இருந்தால் 1812 ஜனவரியில் வந்த புதிய சீருடை விதி. இதைக் கேட்ட அம்மா, இந்தக் குட்டைக் கோட்டோடா ரஷ்யப் பனிக்குள் போனார்கள் என்று கவலைப்பட்டார். உத்தரவு வந்தாலும் புதிய உடை வந்து சேராததால் பலர் பழைய நீள வால் கோட்டோடுதான் போனார்கள் என்று அத்தான் விளக்க, அரசாங்கக் காரியம் எந்த நாட்டிலும் அப்படித்தான் என்று அம்மா தீர்ப்புச் சொன்னார்.

சிக்கல் ஒருவனிடம் வந்தது. கரடித்தோல் தொப்பி உண்டு, தகடு இல்லை. கைமடிப்போ கூராக இல்லாமல் மும்முனை மடலோடு இருந்தது. 1810இல் ஒல்லாந்தை பிரான்சோடு இணைத்தபோது காவற்படைக்கு வந்த ஒல்லாந்துக் கிரனேடியர் இவன் என்று அத்தான் துள்ளிக் குதித்தார். அவர்களுடைய கோட்டு வெள்ளை. அப்படியானால் அவனுக்குத் தான் கெடுதல் எதுவும் செய்யவில்லையே என்றார் அம்மா. இங்கிலாந்தின் கடல் முற்றுகையால் நீலச் சாயம் தரும் அவுரிக்குத் தட்டுப்பாடு வந்து, 1806இல் சில பிரெஞ்சுக் காலாட்படைப் பிரிவுகளுக்கும் வெள்ளைக் கோட்டு கொடுத்துப் பார்த்தார்கள் என்பதை அத்தான் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டதால், மேசையில் வெளுத்து நின்ற பாதிப் பேரையும் அம்மா அந்தக் கணக்கில் எழுதச் சொல்லி வாதாடினார்.

சுவிஸ்காரனுக்கு மட்டும் வழியில்லை. நான்கு பிரிவுக்கும் வெட்டும் தையலும் ஒன்றே. வேறு கதியின்றி அத்தான் அம்மாவிடமே கேட்டார். ஒவ்வொருவனையும் உள்ளங்கையில் வைத்துக் கழுத்து, காது, தோற்பை என்று விடாமல் தேய்த்தவர் அவர் ஒருவர்தானே. அம்மா யோசிக்கவே இல்லை. சிவப்புச் சட்டைக்காரனுக்குக் கழுத்தில் மஞ்சள், அது லேசில் போகவில்லை, நகத்தால் சுரண்ட வேண்டியதாயிற்று என்றார்.

அத்தான் நெடுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சீட்டொன்றை எடுத்து எழுதி அவன் காலடியில் ஒட்டினார்: முதலாவது சுவிஸ் படைப்பிரிவு. ஆதாரம்: மாமி.