அணையில் தண்ணீர் ஏறினால் சிக்னல் ஏன் சாகிறது? பேச்சிப்பாறை மெஷ், அடுத்த கட்டம்

அணைக்கு அக்கரையில் இருக்கும் குடியிருப்புக்கு மெஷ்ஷாக (ரேடியோக்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றும் வலை) போட்ட வயர்லெஸ் இணைய இணைப்பு, இந்தத் தென்மேற்குப் பருவமழையில் பேச்சிப்பாறை அணை ஏற ஏற ஒரு தடவைகூட அறுந்து போகவில்லை. போன வருடம் இதே இணைப்பு என்னைப் படுத்திய பாட்டுக்கு, இதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதலாம்.

அமைப்பு எளிமையானது. இக்கரையில் ஃபைபர் வந்த ஒரு வீட்டு மாடி, அக்கரையில் மேட்டிலிருக்கும் ஒரு கட்டடத்தின் கூரை. அந்தப் பக்கம் வன உயிரினச் சரணாலயம் என்பதால் புதிதாகக் கம்பம் நடும் பேச்சே இல்லை, இருக்கிற கூரையில்தான் மாட்ட வேண்டும். இடையில் 1.2 கிலோமீட்டர், முழுக்கத் தண்ணீர். ரேடியோ டிபி-லிங்க் சிபிஇ510 (வெளியில் மாட்டும், ஆன்டெனாவும் சேர்ந்த வைஃபை பெட்டி), அதில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ஃபர்ம்வேர், ரேடியோக்களை இணைக்க 802.11எஸ் என்ற வைஃபை மெஷ் தரம், அதற்கு மேல் வழி தேர்ந்தெடுக்க பேட்மேன் என்ற மென்பொருள். வெளியிடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் வைக்க 2018 அக்டோபரிலிருந்து லைசென்ஸ் தேவையில்லை என்பது நமக்கெல்லாம் பெரிய வரம்.

மரம் மறைக்காத இப்படி ஒரு பாதை குமரியில் கிடைப்பது அபூர்வம். 5.8 கிகாஹெர்ட்ஸில் ஃபிரெனல் மண்டலத்தின் (நேர்க்கோட்டைச் சுற்றி அலைக்குத் தடையில்லாமல் வேண்டிய இடம்) ஆரம் நடுவில் சுமார் 4 மீட்டர். ஆன்டெனாக்கள் நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 12 மீட்டர் மேலே. கணக்குப்படி சிக்னல் மைனஸ் 63 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்துக்குப் பக்கம் வர வர நல்லது) வர வேண்டும், மைனஸ் 60 வரைக்கும்கூட வந்தது. அப்புறம் மழை பிடித்தது. சிக்னல் மைனஸ் 88-க்கு இறங்கியது. கொஞ்ச நாளில் தானாகவே சரியானது, மறுபடி விழுந்தது.

எல்லோரும் மழையைத்தான் குறை சொன்னார்கள். இந்த அலைவரிசையில், இந்தத் தூரத்துக்கு, மழையால் குறைவது ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். கேபிள், அதன் ஆர்ஜே45 முனை, பவர் எல்லாம் மாற்றிப் பார்த்தும் அதே கதைதான். கடைசியில் சிக்னல் பதிவையும் (லாக்), பேப்பரில் தினமும் வரும் அணை நீர்மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. 38 அடியில் அருமை, 40 அடியில் சாவு, 42-ஐத் தாண்டினால் மறுபடி உயிர். (அணையின் முழு மட்டம் 48 அடி.)

காரணம் தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலை. நேராக வரும் அலைக்கும் இதற்கும் உள்ள பாதை வித்தியாசம் 2 × உயரம்1 × உயரம்2 ÷ தூரம். இரு பக்கமும் 12 மீட்டர் என்றால் சுமார் 24 சென்டிமீட்டர். 5.8-இல் அலைநீளம் 5.2 சென்டிமீட்டர்தான். திரும்பும்போது அலை தலைகீழாகிவிடும் என்பதால், பாதை வித்தியாசம் முழு அலைநீளங்களாக அமையும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். நீர்மட்டம் இரண்டடி மாறினாலே உச்சியிலிருந்து பள்ளத்துக்கு வந்துவிடுகிறோம். காற்றடித்து அலை எழுந்தால் பிரதிபலிப்பு கலையும் என்று நம்பினேன், அதுவும் இல்லை. இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் ஓரடிக்குக் குறைவான அலையெல்லாம் ரேடியோவுக்குக் கண்ணாடி மாதிரிதான்.

தீர்வு: இக்கரைக் கம்பத்தில் இன்னொரு சிபிஇ, முதலாவதற்கு 1.3 மீட்டர் கீழே. அலைநீளம் × தூரம் ÷ (4 × எதிர்முனை உயரம்) போட்டால் இதுதான் வரும். ஒன்று பள்ளத்தில் இருக்கும்போது மற்றது உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். அணை நிரம்பும்போது இந்த இடைவெளி கச்சிதமாகப் பொருந்தாது, ஆனாலும் இரண்டும் ஒன்றாகச் சாகாது. இரண்டும் ஒரே சேனல், தங்களுக்குள் ஈதர்நெட் வயர். எது நல்லது என்று பேட்மேன் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அது பார்த்துக்கொள்ளவில்லை! இங்கேதான் பொறுமை மொத்தமும் போனது. மைனஸ் 88-இல் இருக்கும் ரேடியோவையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்மேன் நான்காம் அல்காரிதம் தன் ஓஜிஎம் பொட்டலங்கள் ("நான் இருக்கிறேன்" என்று ஒவ்வொரு முனையும் அடிக்கடி அனுப்பும் சிறு அறிவிப்பு) எத்தனை தொலைகின்றன என்பதை வைத்து முடிவெடுக்கிறது. அவை பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் பொதுவாக அனுப்புவது) என்பதால் 6 எம்பிபிஎஸ்ஸில் மெதுவாகப் போகின்றன. அவ்வளவு மெதுவாகப் போவது மைனஸ் 88-இலும் தொலையாமல் போய்ச் சேரும். டேட்டா நொண்டினாலும் இணைப்புக்குப் பேட்மேன் போடும் மதிப்பெண் முழு 255-க்குப் பக்கத்திலேயே நிற்கும். வயர்லெஸ் கான்ஃபிகில் எம்காஸ்ட் ரேட்டை, அதாவது பிராட்காஸ்ட் போகும் வேகத்தை, 24000 (24 எம்பிபிஎஸ்) ஆக்கினேன். சிக்னல் கெட்டதும் ஓஜிஎம்மும் தொலைய ஆரம்பித்தது, ரூட் மாறியது. மெஷ் ஃபார்வர்டிங்கைப் பூஜ்யம் ஆக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் 802.11எஸ் தன் வழியில் தனியாக ரூட் போடும். ஐந்தாம் அல்காரிதம் வேகத்தையே அளக்கிறது, அதை அடுத்துச் சோதிக்க வேண்டும்.

சாமான் பற்றி ஒரு வார்த்தை. ஃபைபருக்கு மாறிய கேபிள்காரர்கள் கழற்றிப் போட்ட சிபிஇக்கள் மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் ஆக்கர் (பழைய சாமான்) கடைகளிலேயே கிடைக்கின்றன. புதியதன் விலையில் பாதிகூடக் கொடுக்க வேண்டாம். பின்பக்க ஸ்டிக்கரில் வி1, வி2, வி3 பார்த்து வாங்குங்கள், ஒவ்வொன்றுக்கும் ஃபர்ம்வேர் வேறு. ஜிஐ பைப்பும் கிளாம்பும் குலசேகரத்தில் செய்தேன். "அண்ணே, டிவி ஆன்டெனா காலத்துக்கு அப்புறம் இப்பதான் இதைக் கேட்டு வாறாங்க" என்றார் வெல்டிங் பட்டறைக்காரர். வேலை சுத்தம்.

குடியிருப்புக்கு உள்ளே வீட்டுக்கு வீடு போகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் முனைகள் இன்னும் பாதிதான் முடிந்திருக்கின்றன. இடையில் ரப்பர். டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும்போது எடுக்கும் அளவை நம்பி இடம் குறிக்கவே கூடாது. தளிர் முற்றிய பிறகு அளந்துவிட்டுத்தான் ஆணி அடிப்பேன். அதற்குள் மனசு லோராவுக்கு (குறைந்த பவரில் வெகு தூரம் போகும் ரேடியோ) தாவிவிட்டது. 865 மெகாஹெர்ட்ஸில், லோராவிலேயே மெஷ் போடும் மெஷ்டாஸ்டிக் மென்பொருளைப் போட்டு, சோலாரில் ஓடும் எழுத்துச் செய்தி மட்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்து கரண்டும் டவரும் போனபோது அக்கரையில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கக்கூட வழியில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கரையில் ஓடுவது 12 வோல்ட் பேட்டரி, சிபிஇக்கு 24 வேண்டும். ஈரம் தாங்கும் பூஸ்ட் கன்வெர்ட்டர் எது நன்றாக உழைக்கிறது என்று யாராவது சொன்னால், ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடுவேன்.