மாருதி 800: தொளதொளத்த கியர் லீவரைச் சரிசெய்தது

நியூட்ரலில் குமிழை விரலால் தட்டினாலே இடவலமாக ஆடுகிறது. மூன்றாவது கியர் தேடினால் முதல் கியரில் போய் முட்டுகிறது. இப்படி இருந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம், தேய்மானம் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும்.

இந்த வண்டியில் லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு இரண்டு ராடுகள் போகின்றன. ஒன்று கை அசைவைக் கொண்டுபோகும் ஷாஃப்ட். மற்றது, லீவர் உட்காரும் இடத்தை கியர்பாக்ஸோடு பிணைக்கும் எக்ஸ்டென்ஷன் ராடு. இணைப்புகளில் புஷ் (துளைக்குள் உட்காரும் சிறு குழல்) இருக்கிறது, ஒவ்வொன்றும் கொஞ்சம் தேய்ந்தாலே போதும், லீவர் ஆடும். லீவரின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிடப் பல மடங்கு நீளம் என்பதால், கீழே 1 மி.மீ. ஆட்டம் குமிழில் அத்தனை மடங்காகத் தெரியும்.

முதல் நாள் சோதனை மட்டும். சமதளம், பின்சக்கரங்களுக்குக் கட்டை, முன்பக்கம் ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தம். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. சைலன்சர் குழாய் ஆறியபின் ஒருவர் உள்ளே லீவரை மெதுவாக ஆட்ட, மற்றவர் அடியில் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசையும் இடம்தான் குற்றவாளி. இங்கே லீவரின் அடி இணைப்பும் கியர்பாக்ஸ் பக்க இணைப்பும் போயிருந்தன. எக்ஸ்டென்ஷன் ராடின் ரப்பர் வெடித்திருந்தது.

நின்றிருக்கும்போது ஆடாமல், ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது மட்டும் லீவர் துள்ளினால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கைப் பாருங்கள். ஆட்டமே இல்லாமல் கியர் விழக் கடினமாக இருந்தால் அது பெரும்பாலும் கிளட்ச் கேபிள் சங்கதி, புஷ் மாற்றி எந்தப் பயனும் இல்லை.

மறுநாள் கழற்றும் வேலை. ராடு எந்தப் பக்கம் திரும்பி இருந்தது என்று பெயிண்டால் குறி வைத்துவிட்டு, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து இரவு முழுக்க விட்ட போல்ட்டுகளை ஸ்பானரால் கழற்றியாயிற்று. ஒன்று ஸ்லீவோடு (போல்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் உள்ள உலோகக் குழாய்) துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. அதைச் சுத்தியால் நேராக அடித்தால் மரை நசுங்கும். பழைய நட்டை நுனிவரை ஏற்றி, அதன்மேல் தட்ட வேண்டும்.

பலர் தவறுவது அடுத்த இடத்தில். புது நைலான் புஷ் வாங்கி, பழைய போல்ட்டையும் ஸ்லீவையும் அப்படியே மாட்டிவிடுகிறார்கள். வெர்னியர் அளவுகோலில் அளந்தபோது 8 மி.மீ. போல்ட்டின் நடுப்பகுதி 7.5 மி.மீ. ஆகத் தேய்ந்திருந்தது, புஷ் புதிதானாலும் ஆட்டம் மிஞ்சியிருக்கும். ஸ்லீவ் இல்லாமல் பூட்டுவது அதைவிட மோசம். நட்டை இறுக்கினால் இணைப்பை இருபுறமும் பிடிக்கும் கவை புஷ்ஷை நசுக்கி, லீவர் இறுகிப்போகும். போல்ட் ஸ்லீவைத்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும், புஷ் அதன்மேல் தாராளமாகச் சுழல வேண்டும். அதனால் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ராடின் ஓட்டை முட்டை வடிவாகியிருந்தால் லேத் பட்டறையில் வெல்டு வைத்துத் துளை போடலாம், அல்லது ராடையே மாற்றலாம்.

புஷ்ஷுக்குப் பதில் சைக்கிள் டியூப்பைச் சுற்றி வைத்தால் சில நாளில் பிதுங்கி வெளியே வந்துவிடும். பித்தளையில் கடைந்த புஷ் நீடிக்கும்தான், ஆனால் எஞ்சின் அதிர்வு முழுக்கக் கைக்கு வரும். நைலானே சரி.

நைலானுக்கு லித்தியம் கிரீஸ், ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸில் ரப்பர் ஊறி உப்பிவிடும். லாக் நட் (அதிர்வில் கழலாத நட்) புதியது. கிழிந்த தூசி உறையையும் விடக்கூடாது. மணலும் தண்ணீரும் உள்ளே இறங்கினால் புதுப் புஷ்ஷும் சீக்கிரம் அரைபடும்.

வண்டியை இறக்குமுன் எல்லாக் கியரும், ரிவர்ஸ் உட்பட, முழுதாக விழுகிறதா என்று எஞ்சின் நின்ற நிலையிலேயே பார்க்க வேண்டும். குமிழில் 60 மி.மீ. இருந்த இடவல ஆட்டம் 20 மி.மீ.க்கு வந்திருக்கிறது. மிச்சம் இருப்பது கியர்களுக்கிடையே லீவர் நகர இயல்பாகவே வேண்டிய இடம்.