டைம் இல்லன்னு சொன்ன அந்த 40 நொடி

டைம் இல்லன்னு நான் சொன்னது பொய்யின்னு எங்க ரேடியோ டெக்னீஷியனுக்கு அப்பவே தெரியும். கடிகாரம் அவர் கண்ணு முன்னாடிதான ஓடிட்டிருந்துது. வருஷக்கணக்கா ஆச்சு, இன்னும் அந்த சாயங்காலம் மனசுல ஓடிட்டே இருக்கு.

2019 பிப்ரவரி 21. இங்க மொரீஷியஸ் ரேடியோல எனக்கு அஞ்சு நிமிஷம், இதே தேதில இசை உலகத்துல என்ன நடந்துதுன்னு தமிழ்ல சொல்லணும். பகல்ல ஸ்கூல்ல தமிழ் டீச்சர், சாயங்காலம் பஸ் புடிச்சு ஸ்டூடியோ. ஜூன் 24 வந்தா எனக்குக் கொண்டாட்டமா இருக்கும், கண்ணதாசன் 1927ல, எம்எஸ்வி 1928ல, ரெண்டு பேரும் ஒரே தேதில பொறந்தவங்க, அத வெச்சு நாள் பூரா பேசலாம். பிப்ரவரி 21 அப்படி இல்ல. பாடகி நீனா சிமோன் பொறந்த நாள், 1933, அமெரிக்காவுல வட கரோலினா பக்கம் சின்ன ஊரு, அது ஒண்ணு. 1952ல டாக்காவுல வங்காள மொழிக்காகப் போராடுன மாணவங்கள போலீஸ் சுட்டது, அத வெச்சுதான் உலகத் தாய்மொழி நாள், அந்தத் தேதிய வெச்சே அவங்க ஒரு பாட்டு எழுதினாங்க, அதுக்கு இன்னிக்குப் பாடுற மெட்டப் போட்ட அல்தாஃப் மஹ்மூத 1971 வங்கதேசப் போர்ல பாகிஸ்தான் ராணுவம் புடிச்சுட்டுப் போயிடுச்சு, அவர் திரும்பி வரவே இல்ல. இது ரெண்டாவது. மூணாவது எங்க ஊரு பாடகர் காயா.

காயாவப் பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா. தலைநகர் போர்ட் லூயிஸோட ரோஷ் ப்வா பகுதில பொறந்தவர், நம்ம தீவோட சேகா இசையையும் ஜமைக்காவோட ரெகேவையும் கலந்து செகேன்னு நமக்குன்னு ஒரு இசை குடுத்தவர். 1999 பிப்ரவரி 16 ரோஸ்ஹில்ல கஞ்சாவக் குத்தமா பாக்கக் கூடாதுன்னு நடந்த கச்சேரில பாடினார், 18ந்தேதி அரெஸ்ட், 21 ஞாயித்துக்கிழமை போர்ட் லூயிஸ்ல போலீஸ் செல்லுக்குள்ள பொணமா கெடந்தார். வயசு 38. மண்டை ஓடு ஒடஞ்சிருந்துது. தானே இடிச்சுக்கிட்டார்னு ஒரு பேச்சு, பக்கத்துத் தீவு ரியூனியன்லேந்து வந்து ரெண்டாவது தடவ பரிசோதனை பண்ண டாக்டர் அடிச்சிருக்காங்கன்னு சொன்னார். அப்புறம் நாடே எரிஞ்சுது, பெர்ஜே அகாத்னு இன்னொரு பாடகரும் அந்தக் கலவரத்துல குண்டு பட்டு செத்தார்.

அந்த 2019 சரியா இருபதாவது வருஷம். விட முடியாத விஷயம்னுதான் முதல்ல எழுதினேன். நாலு வரி, அப்புறம் அவர் பாட்டு ஒண்ணோட ஆரம்பம் கொஞ்சம். மத்தியானம் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து திரும்பப் படிச்சப்ப கை தானா பேனாவ எடுத்து அந்த நாலு வரிய அடிச்சிடுச்சு. அத அடிக்கச் சொல்லி யாரும் என்கிட்ட சொல்லல. இத நான் தெளிவா சொல்லிடணும், ஏன்னா பின்னால ஒருத்தர் கேட்டப்ப மேல உள்ளவங்களுக்குப் புடிக்காதுன்னு ஒரு காரணம் சொல்லிட்டேன், அவங்ககிட்ட நான் கேக்கவே இல்ல.

எங்க டெக்னீஷியன் கிரியோல்காரர், ஆப்பிரிக்க வம்சாவளி, காயா மாதிரி அவரும் ரோஷ் ப்வாதான். தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது. அதனால பாட்டுப் பேரு, பாடகர் பேரு மட்டும் நான் பிரெஞ்சு எழுத்துல எழுதி வட்டம் போட்டு வெப்பேன், அதப் பாத்து வரிசையா எடுத்து வெப்பார். அன்னிக்கு பேப்பர வாங்கினார். பக்கம் முழுக்கத் தமிழ், நடுவுல அவரால படிக்க முடிஞ்ச பேரு ரெண்டு மூணுதான், அதுல ஒண்ணு மேல நீல மையில ரெண்டு கோடு.

"மிஸ், இது வேணாமா?"ன்னார், எங்க தீவுல எல்லாரும் பேசுற கிரியோல் பாஷைல. பாட்டு ஏற்கனவே ஸ்க்ரீன்ல வரிசைல இருந்துது, காலையிலயே போன்ல சொல்லி வெச்சிருந்தேன்.

"டைம் இல்ல"ன்னேன்.

அவர் ஒண்ணும் சொல்லல. மவுஸ நகத்தி அத வரிசைலேந்து எடுத்தார். நான் படிச்சேன். டாக்காவ நல்லா விரிச்சுப் படிச்சேன், மாணவங்க, துப்பாக்கி, ரத்தம், குரல் லேசா நடுங்கக் கூட வெச்சேன். அப்புறம் நம்ம நோட்டு விஷயம், 1998 நவம்பர்ல புது ரூபா நோட்டுல தமிழ இந்திக்குக் கீழ எறக்கி அச்சடிச்சதும் தமிழங்க எழும்பி நின்னதும் அந்த நோட்டயே திரும்ப வாங்கிட்டு பழைய வரிசைல அச்சடிச்சதும். நாலு நிமிஷம் இருபது நொடில எல்லாம் முடிஞ்சுது. அஞ்சு நிமிஷத்துக்கு இன்னும் 40 நொடி. அவர் என்னைப் பாக்காம வழக்கமா போடுற வீணைய எடுத்து விட்டார். அந்தப் பாட்டையே அவர் போட்டிருக்கலாம், விரல் எட்டுற தூரம்தான். போடல.

மைக்க அணைச்சதும் கேட்டார், இன்னிக்கு எதப் பத்தி மிஸ் அவ்வளவு உருக்கமா பேசினீங்கன்னு. தாய்மொழி நாள், டாக்கான்னு சொன்னேன்.

"போலீஸ் சுட்டுட்டாங்களா?"

"ஆமா."

"அத ரேடியோல சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"சரி மிஸ்."

அவ்வளவுதான் பேச்சு. அந்த சரியில என்ன இருந்துதுன்னு எனக்கு இன்னும் புரியல. கோவமா இருந்திருந்தா நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் ஹெட்ஃபோன் வயரச் சுத்தி ஆணில மாட்டினார், நான் பைய எடுத்துட்டுக் கெளம்பிட்டேன். பஸ்ல போகும்போது ஒரு பெரியவர், எங்க தமிழ் வட்டத்துல எல்லாரும் ஐயான்னு கூப்புடுறவர், போன் பண்ணி "நோட்டு விஷயம் பேசினியேம்மா, ரொம்ப நல்லா இருந்துது, நம்ம பசங்களுக்கு அதெல்லாம் தெரியணும்"னார். நன்றிங்க ஐயான்னேன்.

எனக்குன்னு நியாயம் இல்லாம இல்ல. என் நேயர்கள் பாதிக்கு மேல வயசானவங்க, அந்த 1999ல கதவச் சாத்திட்டு உள்ள உக்காந்தவங்க. எனக்கு அப்ப 11 வயசு, ஸ்கூல் லீவு, அம்மா அரிசி டின்ன இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்தது ஞாபகம் இருக்கு, தெருமுனைல டயர் எரியிற வாடை வீட்டுக்குள்ள வந்துது. ஒரு சாவு எப்படி கிரியோல், இந்துன்னு ஊரப் பிரிச்சுதுன்னு பாத்தவங்க அவங்க. சாயங்காலம் வெளக்கேத்துற நேரத்துல அத ஏன் கெளறணும்னு நெனச்சேன். இப்பவும் அது தப்பான நெனப்புன்னு அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா நான் சொல்லப் போனது கலவரத்தப் பத்தி இல்லயே, ஒரு பாட்டுக்காரரப் பத்தி நாலு வரி.

இதுல இன்னொண்ணும் இருக்கு, எழுதவே கூச்சமா இருக்கு. 2012லேந்து பிரைமரில கிரியோலும் பாடம். பெத்தவங்க தமிழ், இந்தி, கிரியோல்னு இருக்கறதுல ஒண்ணத்தான் எடுக்க முடியும். ஒவ்வொரு ஜனவரியும் என் வகுப்புல எத்தன தலைன்னு எண்ணுற ஆளு நான். தமிழ்ப் பேரு வெச்ச பிள்ளைங்க எழும்பி அந்த வகுப்புக்குப் போறப்ப வயிறு எரியும். அந்தக் கடுப்பு பேனாவப் புடிச்ச கைக்குள்ளயும் இருந்துதான்னு கேட்டா, இல்லன்னு சத்தியம் பண்ண முடியாது. தாய்மொழின்னு மைக்ல வாய் நெறய சொல்றேன், ஆனா எங்கம்மா சாமி கும்புடுறது தமிழ்ல, என்னத் திட்டுறது கிரியோல்ல, எனக்குக் காய்ச்சல் வந்தா நெத்தில கை வெச்சுக் கேக்குறதும் கிரியோல்லதான். காயா பாடினது அந்த பாஷைல. தமிழ் நோட்டுல எத்தனாவது வரின்னு நாங்க கொதிச்சதுக்கு மூணு மாசம் கழிச்சுதான் அவர் செத்தார், யுனெஸ்கோ தாய்மொழி நாள அறிவிச்சதும் அதே 1999 நவம்பர். இதெல்லாம் அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருந்துது. தெரிஞ்சுதான் அடிச்சேன்.

அதே வருஷக் கடைசில ஃப்ளிக் ஆ ஃப்ளாக் கடற்கரைல ஆபீஸ் ஆளுங்க எல்லாம் கூடினப்ப அந்த டெக்னீஷியன் ரவான்னு எங்க ஊரு தோல் மேளம் கொண்டு வந்தார். காஞ்ச ஓலைல தீ மூட்டி, ஆட்டுத்தோல தீக்கு மேல காட்டிக் காட்டி, விரலால தட்டிப் பாத்து, மறுபடி காட்டினார். தோல் இறுகி சத்தம் மேல ஏறுறது பக்கத்துல உக்காந்தா நல்லாக் கேக்கும். நான் மதுரைல படிச்ச காலத்துல பறை காய்ச்சுறவங்கள இப்படித்தான் பாத்திருக்கேன், அத அவர்கிட்ட சொன்னேன். "அப்படியா மிஸ், அதே மாதிரியா?"ன்னு ரெண்டு மூணு தடவ கேட்டார், ரொம்ப சந்தோஷமா இருந்தார். அப்பவாவது அந்த 40 நொடியப் பத்திப் பேசியிருக்கலாம். அவர் மறந்திருப்பார்னு நெனச்சுக்கிட்டேன். மறந்திருக்க மாட்டார்னும் தெரியும், அவர் கையால எடுத்ததாச்சே அது.

இப்ப அவர் ரிட்டையர் ஆயிட்டார். அதுக்கப்புறம் வந்த பிப்ரவரி 21ல எல்லாம் எனக்கு நிகழ்ச்சி அமையல, இல்லன்னா நானே மாத்திக்கிட்டேன், ரெண்டும் நடந்திருக்கு. இந்த வருஷம் மாத்திக்கல. பழைய பேப்பர் இன்னும் ஃபைல்ல இருக்கு, ரெண்டு கோட்டுக்கு அடில எழுத்து நல்லாவே தெரியுது. நேத்து ராத்திரி போன்ல டைமர் வெச்சு, மைக்குக்கு முன்னாடி படிக்கிற வேகத்துல அந்த நாலு வரியப் படிச்சுப் பாத்தேன். 22 நொடி. சந்தேகமா இருந்துது, நிறுத்தி நிதானமா இன்னொரு தடவ படிச்சேன். 26.