லேஅவுட்டில் பிழை இல்லை, பழி மட்டும் அதன்மேல்: ஆண்ட்ராய்டில் கூகுள் மேப் சேர்த்த அனுபவம்

ஆண்ட்ராய்டு ஆப்பில் கூகுள் மேப் சேர்க்கிற வேலையில் நேரத்தைத் தின்பது கோடிங் இல்லை. "பைனரி எக்ஸ்எம்எல் ஃபைல் லைன் #9: எரர் இன்ஃப்ளேட்டிங் கிளாஸ் ஃபிராக்மென்ட்" என்ற ஒற்றை வரிதான். திரையின் அமைப்பை எழுதும் லேஅவுட் ஃபைலில் 9ஆம் வரியைப் போய்ப் பார்த்தால், மேப்பைத் தாங்கும் திரைத்துண்டான ஃபிராக்மென்ட்டின் டேக் ஒழுங்காக இருக்கும். ஐடி, அகலம், உயரம், கிளாஸ் பெயர் எதிலும் குறை இருக்காது. அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாலும் அதே பிழைதான். 'பிராஜெக்டை கிளீன் பண்ணு, கேஷை அழி' என்று ஆளாளுக்குச் சொல்வதையெல்லாம் செய்தால் பொழுது போகும், பிழை போகாது.

லேஅவுட்டைத் திரையாக்கும் இன்ஃப்ளேட்டர் ஒவ்வொரு டேக்குக்கும் உரிய கிளாஸை உருவாக்குகிறது. அப்போது உள்ளே எது உடைந்தாலும், அதைத் தன்னுடைய இன்ஃப்ளேட் எக்செப்ஷனுக்குள் பொதிந்து, டேக் இருந்த வரி எண்ணை மேலே ஒட்டி அனுப்பிவிடும். மேனிஃபெஸ்டில் (ஆப்பின் விவரங்களை அறிவிக்கும் ஃபைல்) மேப் சேவைக்கான ஏபிஐ கீ இல்லை, லைப்ரரி பழசு, ஆக்டிவிட்டி (ஆப்பின் ஒரு திரையை இயக்கும் கிளாஸ்) தப்பான வகை என்று எதுவானாலும் பழி லேஅவுட் ஃபைல்மேல்தான் விழும். ஆகவே லாக்கேட்டில் (ஆப் ஓடும்போது பதிவாகும் செய்திகளின் பட்டியல்) சிவப்பாகத் தெரிகிற முதல் வரியோடு நின்றுவிடக் கூடாது. கீழே 'காஸ்ட் பை' என்று தொடங்கும் வரிகள் அடுத்தடுத்து வரும். அவற்றில் கடைசியாக இருப்பதுதான் நிஜக் காரணம். யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தாலும் அந்த வரியைத்தான் காட்ட வேண்டும்.

அங்கே 'தட் இஸ் நாட் எ ஃபிராக்மென்ட்' என்று முடிந்தால், லேஅவுட்டில் சப்போர்ட்மேப்ஃபிராக்மென்ட் இருக்கிறது, ஆக்டிவிட்டியோ வெறும் 'ஆக்டிவிட்டி'யிலிருந்து வந்திருக்கிறது என்று பொருள். ஆப்காம்பேட் ஆக்டிவிட்டிக்கு மாற்றினால் தீர்ந்தது. பழைய பாடங்களில் இருக்கும் 'சப்போர்ட்' இல்லாத மேப்ஃபிராக்மென்ட்டைப் புதிய ஆப்பில் தொடவே வேண்டாம். அது நம்பியிருக்கும் பழைய ஃபிராக்மென்ட் வகை ஆண்ட்ராய்டு 9லேயே வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

'ஏபிஐ கீ நாட் ஃபவுண்ட்' என்று இருந்தால் மேனிஃபெஸ்டைத் திறக்க வேண்டும். கீ வைக்கும் மெட்டா-டேட்டா டேக் அப்ளிகேஷன் டேக்குக்குள் இருக்க வேண்டும். ஆக்டிவிட்டி டேக்குக்குள்ளேயோ, அப்ளிகேஷனுக்கு வெளியேயோ இருந்தால் கண்டுகொள்ளப்படாது, பில்டும் எச்சரிக்காது. இன்னொரு கண்ணி: பழைய பாடங்களில் 'மேப்ஸ் டாட் வி2' என்று வரும் பெயரும், இப்போதைய 'ஜியோ டாட் ஏபிஐ கீ' என்ற பெயரும் ஒரே மேனிஃபெஸ்டில் இருந்தால் 'கீயை ஒருமுறைதான் தரலாம்' என்று கிராஷ் ஆகும். புதிய பெயரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கீயை லோக்கல் டாட் பிராப்பர்ட்டீஸ் ஃபைலில் வைத்து, சீக்ரெட்ஸ் பிளகின் வழியாக மேனிஃபெஸ்டுக்குக் கொண்டுவருவது நல்ல பழக்கம். ஆனால் அந்த ஃபைல், குழு கோடைப் பகிரும் கிட்டில் (Git) ஏறாது என்பதால், குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் கணினியிலோ பில்ட் சர்வரிலோ 'பிளேஸ்ஹோல்டருக்கு மதிப்பு இல்லை' என்று மேனிஃபெஸ்ட் மெர்ஜ் தோற்கும். டம்மி மதிப்பு கொண்ட ஒரு டிஃபால்ட்ஸ் ஃபைலைக் கிட்டில் வைத்து, அதன் பெயரை பிளகின் அமைப்பில் சொல்லிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

பழைய பிராஜெக்டை எடுத்து வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று காத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 9 (ஏபிஐ 28) அல்லது அதற்கு மேல் டார்கெட் வைத்து, மேப்ஸ் லைப்ரரி 16.0.0 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், அப்பாச்சி எச்டிடிபி கிளாஸ் கிடைக்கவில்லை என்று கிராஷ் ஆகும். அப்பாச்சி லெகசி லைப்ரரியை மேனிஃபெஸ்டில் யூசஸ்-லைப்ரரியாகச் சேர்ப்பது தற்காலிக மருந்து. லைப்ரரியை உயர்த்துவதே சரியான வழி. ஆனால் 17.0.0லிருந்து ஆண்ட்ராய்டுஎக்ஸ் (பழைய சப்போர்ட் லைப்ரரிகளுக்குப் பதில் வந்த தொகுப்பு) கட்டாயம். பிராஜெக்டை முதலில் அதற்கு மாற்றிவிட்டுத்தான் எண்ணை ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் ஒரு பிழைக்குப் பதில் ஐம்பது வரும்.

எங்களை உண்மையாக வதைத்தது 'டூப்ளிகேட் ஐடி' பிழை. ஆப் திறக்கும், மேப் டேப் வேலை செய்யும், சோதித்தவர் ஓகே சொல்லிவிடுவார். மேப்பிலிருந்து ஒரு கடையைத் தொட்டு அடுத்த திரைக்குப் போய், பேக் அழுத்தித் திரும்பும்போதுதான் கிராஷ். காரணம் இது: அடுத்த திரைக்குப் போகும்போது, மேப்பைத் தனக்குள் வைத்திருக்கும் வெளி ஃபிராக்மென்ட்டின் வியூ மட்டும் அழிகிறது. உள்ளே இருந்த மேப் ஃபிராக்மென்ட், உள் ஃபிராக்மென்ட்டுகளை நிர்வகிக்கும் சைல்டு ஃபிராக்மென்ட் மேனேஜரிடம் உயிரோடு இருக்கிறது. திரும்பி வந்ததும் லேஅவுட் மறுபடி இன்ஃப்ளேட் ஆகிறது, ஃபிராக்மென்ட் டேக் அதே ஐடியில் இன்னொன்றைச் சேர்க்கப் பார்க்கிறது, அதோடு கதை முடிந்தது.

இதற்கு ஊரில் புழங்கும் வைத்தியம், வியூ அழியும்போது வரும் டெஸ்ட்ராய் வியூ அழைப்பில் மேப் ஃபிராக்மென்ட்டைக் கையால் நீக்குவது. அதைச் செய்யாதீர்கள். ஸ்டேட் சேமிக்கப்பட்ட பிறகு கமிட் செய்தால் அது தனியாக ஒரு எக்செப்ஷன் தரும். ஃபிராக்மென்ட் டேக்கை ஃபிராக்மென்ட்கன்டெய்னர்வியூவாக மாற்றுவதே தீர்வு. ஆண்ட்ராய்டுஎக்ஸ் ஃபிராக்மென்ட் 1.2.0லிருந்து அது இருக்கிறது. நேம், ஐடி எல்லாம் அப்படியே இருக்கலாம், டேக்கின் பெயர்தான் மாறும். அந்த ஐடியில் ஏற்கெனவே ஃபிராக்மென்ட் இருந்தால் புதிதாகச் சேர்க்காமல் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். ஐடி மட்டும் கட்டாயம், விட்டால் அதற்கும் ஒரு கிராஷ் உண்டு.

மாற்றியவுடன் 'நல் கெனாட் பி காஸ்ட்' என்று கோட்லின் கத்தினால் பயப்பட வேண்டாம். ஃபிராக்மென்ட்டுக்குள் இருக்கும் மேப்பைச் சைல்டு ஃபிராக்மென்ட் மேனேஜரில் தேட வேண்டும். ஆக்டிவிட்டியின் சப்போர்ட் ஃபிராக்மென்ட் மேனேஜரில் தேடினால் நல்தான் கிடைக்கும்.

பில்ட் நேரப் பிழைகள் இவ்வளவு படுத்தாது. 'கேமராஜூம் நாட் ஃபவுண்ட்' என்றால் ஒன்று மேப் என்ற நேம்ஸ்பேஸின் முகவரி 'ரெஸ்-ஆட்டோ' என்று முடியவில்லை, அல்லது மேப்ஸ் டிபென்டென்சி அந்த மாட்யூலில் இல்லை. பல மாட்யூல் உள்ள பிராஜெக்டில் இரண்டாவதுதான் அதிகம். 'அன்பவுண்ட் பிரீஃபிக்ஸ்' என்றால் நேம்ஸ்பேஸ் அறிவிக்கவே இல்லை. எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரிக்கு மேலே ஒரு காலி வரி இருந்தாலும் பில்ட் நிற்கும். காப்பி-பேஸ்டில் இது சத்தமில்லாமல் நுழைந்துவிடும். லேஅவுட் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து கூடாது.

பிழையே காட்டாமல் மேப் தெரியாமல் போவதுதான் மோசம். கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்டில் 0டிபி கொடுத்துவிட்டுக் கன்ஸ்ட்ரெயின்ட் கட்டவில்லை என்றால் மேப்பின் அளவே பூஜ்யம். ஸ்க்ரோல்வியூவுக்குள் வைப்பதாக இருந்தால் 200டிபி, 300டிபி என்று உறுதியான உயரம் கொடுங்கள். அங்கே மேப்பை மேலும் கீழும் இழுத்தால் ஸ்க்ரோல்வியூ பிடுங்கிக்கொள்ளும் என்பதால், டச் தொடங்கும்போது பேரன்ட்டைக் குறுக்கிடாமல் தடுக்க வேண்டும். இடம் காட்டினால் போதும், இழுக்கத் தேவையில்லை என்றால் லைட் மோடை (மேப்பை வெறும் படமாகக் காட்டும் முறை) ட்ரூ ஆக்கிவிடுங்கள், வேலை மிச்சம். ஃபிராக்மென்ட் இல்லாமல் மேப்வியூவை நேரடியாகப் பயன்படுத்தினால் கிரியேட், ரெஸ்யூம் முதல் டெஸ்ட்ராய் வரை எல்லா லைஃப்சைக்கிள் அழைப்புகளையும் அதற்குக் கடத்த வேண்டும். கிரியேட், ரெஸ்யூமை விட்டாலே திரை காலியாக நிற்கும். சிறப்புக் காரணம் இல்லையென்றால் ஃபிராக்மென்ட்டே போதும். ஸ்டுடியோவின் பிரிவியூவில் மேப்புக்குப் பதில் சாம்பல் கட்டம் தெரிவது பிழை இல்லை, அதைத் திருத்தப் போகாதீர்கள்.

மூலையில் கூகுள் லோகோ இருந்து, மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருந்தால் லேஅவுட் வேலை முடிந்தது. இனி சிக்கல் கீயில். லாக்கேட்டில் 'ஆத்தரைசேஷன் ஃபெயிலியர்' என்று தேடுங்கள். ஆப்பின் கையொப்பத்தை அடையாளம் காட்டும் எஸ்எச்ஏ-1 கைரேகையும் பேக்கேஜ் பெயரும் அங்கேயே அச்சாகியிருக்கும். அதை அப்படியே எடுத்துக் கிளவுட் கன்சோலில் கீயின் கட்டுப்பாட்டில் ஒட்டுவது, கையொப்பக் கீ இருக்கும் கீஸ்டோர் ஃபைலைத் தேடி அலைவதைவிட நம்பகமானது. டீபக் பில்டில் பேக்கேஜ் பெயரோடு பின்னொட்டு சேர்த்திருந்தால் அதையும் தனி வரியாகச் சேர்க்க வேண்டும். மேப்ஸ் எஸ்டிகே ஃபார் ஆண்ட்ராய்டு இனேபிள் ஆகியிருக்கிறதா, பில்லிங் கணக்கு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிளே ஸ்டோரில் ஏற்றிய பிறகு மட்டும் மேப் காலியாகிறது என்றால், பிளே ஆப் சைனிங் ஆப்பை வேறு கையொப்பக் கீயால் கையொப்பமிட்டிருக்கிறது. நாம் அப்லோடுக்குப் பயன்படுத்தும் கீயின் கைரேகை அங்கே செல்லாது. பிளே கன்சோலின் ஆப் சைனிங் பக்கத்தில் இருக்கும் எஸ்எச்ஏ-1ஐயும் சேர்க்க வேண்டும். டீபக் கைரேகையை அழிக்காமல் பக்கத்திலேயே சேருங்கள். சேமித்த பின் மாற்றம் நடைமுறைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டுப் புது ஏபிஐ கீ உருவாக்கிவிடாதீர்கள்.